ஞாயிறு பத்து மணிக்குப் பூட்டிய அணி

"நீ ஒரு ஆட்டங்கூட முழுசா பாத்ததில்லையே லா. எப்படி ஆள் எடுக்கப் போற?"

கேட்டவள் என்னோடு புள்ளியியல் படித்த மலேசியத் தோழி. 2012ஆம் ஆண்டு, சிட்னியில், பல்கலைக்கழக உணவகத்தில், நான் வாங்கிய உருளைக்கிழங்குப் பொரியலில் பாதியைத் தின்றுகொண்டே கேட்டாள். அதற்கு முந்தைய ஆண்டு அவள் ஆறு மாதம் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்திருந்தாள். அங்கிருந்து கொண்டு வந்தவை இரண்டு. ஒன்று, எல்லாவற்றுக்கும் மிளகாய்ச் சோஸ் ஊற்றும் பழக்கம். மற்றது அந்த ஊர்க் கல்லூரிகளின் கால்பந்தாட்டப் பைத்தியம். பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தியும் ஆடுவார்கள்.

ஆட்டம் என்றால் நாங்கள் ஆடுவதல்ல. ஓர் இணையதளத்தில் அந்த வாரம் ஆடப்போகும் கல்லூரிப் பையன்களின் பட்டியல் இருக்கும். பந்தை எறிபவர், ஏந்துபவர், பந்தோடு ஓடுபவர் என்று வகை வகையாக. ஒவ்வொருவருக்கும் ஒரு பொய் விலை. எல்லோருக்கும் ஒரே அளவு பொய்க் காசு தருவார்கள். அதற்குள் ஓர் அணியைச் சேர்க்க வேண்டும். அந்தப் பையன்கள் அன்று மைதானத்தில் என்ன செய்கிறார்களோ அதுவே எங்கள் புள்ளி. ஒரே நாளில் முடிந்துவிடும். அடுத்த வாரம் புது அணி. தோழி எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேரைச் சேர்த்து இலவசமாக ஒரு போட்டி தொடங்கியிருந்தாள். பரிசு ஒன்றும் கிடையாது. முதலாவதாக வந்தவரின் பெயர் பட்டியலின் மேலே தடித்த எழுத்தில் நிற்கும்.

எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும் தெரியும், அதுவும் நான் சொல்லிக் கொடுத்தது. அப்பா நாங்கள் இங்கே வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். பத்து வயதிலிருந்து வீட்டுக்கு வந்த எல்லாக் கடிதங்களையும் வாசித்தவள், மின்சாரக் கம்பெனியோடு தொலைபேசியில் சண்டை பிடித்தவள், அம்மாவுக்காக மருத்துவரிடம் பேசியவள் எல்லாம் நான்தான். "தெரியாது" என்ற சொல் எனக்கு வாயில் வருவதில்லை.

"பாக்கிறதுக்கு என்ன இருக்கு? எண் இருக்குத்தானே," என்றேன்.

"ஆ, பெரிய புரொபெசர்!" என்றாள் அவள், மிச்சப் பொரியலையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.

எண்கள் இருந்தன. வாரம் முழுவதும் ரயிலில் அவற்றைப் படித்தேன். விலை கூடிய பெயர்களில் காசைக் கொட்டாமல், யாரும் கவனிக்காத மலிவான ஆட்களைக் கண்டுபிடிப்பதில்தான் வெற்றி இருக்கிறது என்று மூன்று வாரத்தில் விளங்கிவிட்டது. வழக்கமான ஆட்டக்காரன் காயப்பட்டால் அவன் இடத்துக்கு வரும் மாற்று ஆளின் விலை ஏறியிருக்காது. அதனால் தினமும் காயப்பட்டவர்கள் யார் என்று தேடினேன். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுக்குத் தோள்மூட்டு நழுவியது என்று வாசித்ததும் என் மனம் துள்ளும். அப்போது அது எனக்கு அசிங்கமாகப் படவில்லை.

அவர்களின் சனிக்கிழமை மாலை ஆட்டங்கள் எங்களுக்கு ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கும். பத்து மணிக்கு இணையதளம் அணிகளைப் பூட்டிவிடும். பிறகு ஒருவரையும் மாற்ற முடியாது. அந்த ஞாயிறு காலைகள் எனக்குச் சொந்தமானவை அல்ல. அவற்றை அம்மாவுக்குக் கொடுத்திருந்தேன்.

அம்மா குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில் இருந்தார். இருவரும் இருபத்திரண்டு ஆண்டுகளாக முகம் பார்த்ததில்லை. அகதிக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தோடு விமான நிலையத்தில் நிற்க அம்மாவுக்குப் பயம். "நீலப் புத்தகம் கையில வந்தால்தான் பிளேன் ஏறுவன்," என்பார். அந்தப் பாஸ்போர்ட்டுக்கு முன்னால் அந்தத் தேர்வு நின்றது. கணினியில் இருபது கேள்விகள், ஆங்கிலத்தில். பதினைந்து சரியாக வரவேண்டும். வாசிக்கத் தெரியாதவர்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் கணினியே வாசிக்கும்.

அரசாங்கம் தந்த புத்தகத்தில் தேர்வுக்குரியவை மூன்று பகுதிகள். அம்மாவால் அதை வாசிக்க முடியாது என்பதால் நான் என் பழைய தொலைபேசியில் கேள்வியையும் மறுமொழியையும் என் குரலில் பதிந்து கொடுத்தேன். முதலில் ஆங்கிலத்தில் கேள்வி, பிறகு தமிழில் அதன் பொருள், கடைசியில் ஆங்கிலத்தில் மறுமொழி. அம்மா பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சலவை ஆலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மடித்தார். தலைமுடி வலைக்குள் ஒரு காதில் மட்டும் என் குரலை மாட்டிக்கொண்டு மடிப்பார். முதல் மடிப்புக்குக் கேள்வி, இரண்டாவது மடிப்புக்கு மறுமொழி, மூன்றாவது மடிப்பில் வாய்க்குள் அதைத் திருப்பிச் சொல்லுவது. வீட்டில் உடுப்பு மடிக்கும்போதும் அவர் உதடு அசையும். கொடியின் நிறங்கள் என்ன என்று கேட்டால் முதலில் கைகள்தான் எழும்பும், காற்றில் ஒரு விரிப்பை உதறுவதுபோல. அதற்குப் பிறகுதான் பதில் வரும்.

இரண்டு பகுதிகள் அப்படி முடிந்தன. மூன்றாவது அரசாங்கமும் சட்டமும். நாடாளுமன்றம், மேல்சபை, ஆளுநர் நாயகம், அரசியலமைப்பு என்று நீளமான சொற்கள். தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு காலை அந்தப் பகுதியைப் பதிவதாகச் சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிறு ஏழு மணிக்கே எழுந்து கணினியைத் திறந்தேன். ஒரு சின்னக் கல்லூரியின் பந்து எறிபவன் பயிற்சியில் காயப்பட்டிருந்தான். மாற்று ஆள் யார் என்று தேடி அந்தக் கல்லூரி மாணவர்களே நடத்தும் பத்திரிகை வரை போனேன். அவனைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். இரண்டு வருடம் களத்துக்கு வெளியே நின்றவன். தாய் ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்கிறவர். குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். விலை பட்டியலிலேயே மிகக் குறைவு.

பட்டியலில் என்னையே கண்டதுபோல இருந்தது. அவனை எடுத்தேன். அதில் மிஞ்சிய காசுக்கு ஏற்றபடி மற்ற எட்டுப் பேரையும் கலைத்து அடுக்கத் தொடங்கினேன்.

ஒன்பது மணிக்குப் பிறகு அம்மா தேத்தண்ணியும் பழைய தொலைபேசியும் கொண்டு அறை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, மிச்சத்தையும் சொல்லிப் போடன். நாளைக்கு வேலையில கேக்கலாம்."

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா."

"படிக்கிறியோ?"

"ஓம்."

அவர் தேத்தண்ணியை மேசையில் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போனார். நான் படிக்கும்போது அவர் எப்போதும் அப்படித்தான் வைப்பார்.

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் வந்தார். "அந்த மூண்டாவது..."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "அது சோதனையில பெரிசா வராது அம்மா. அந்தச் சொல்லெல்லாம் உங்களுக்குக் கஷ்டம். இருக்கிற ரெண்டையும் வடிவாப் பாடமாக்கினால் காணும்."

அது முழுப் பொய்யும் அல்ல என்பதுதான் கேவலம். அந்த நிமிடத்தில் என் மண்டை முழுவதும் விலையும் புள்ளியுமாக இருந்தது. அம்மாவின் ஞாபகத்தையும் அதே கணக்கில் போட்டேன். அவர் தலைக்குள் இவ்வளவுதான் கொள்ளும். மூன்றாம் பகுதி விலை கூடியது, எடுக்காமல் விடலாம். இரண்டு பகுதியில் எல்லாம் சரியாகச் சொன்னால் பதினைந்து வந்துவிடும். கணினி மூன்று பகுதியிலிருந்தும் கேட்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். புள்ளியியல் படிக்கிறவள் நான்.

"நீ சொன்னால் சரி," என்றார் அம்மா.

பத்து மணிக்கு அணி பூட்டியது. அந்த மாற்றுப் பையன் அன்று எறிந்த பந்தெல்லாம் போய்ச் சேர்ந்தது. மத்தியானம் பட்டியலின் மேலே என் பெயர் தடித்த எழுத்தில் நின்றது. தோழி தொலைபேசியில் கத்தினாள்: "எங்கிருந்துடி புடிச்ச அவன? அவனோட சொந்த ஊர்லயே அவன யாருக்கும் தெரியாது!"

"ஒரு ஆளுக்குள்ள என்ன இருக்கெண்டு பாத்தாலே எனக்குத் தெரியும்," என்றேன் நான். அந்த வார்த்தைகளை இப்போதும் மறக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை அம்மாவைப் பரமட்டாவில் தேர்வு நடக்கும் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்கு உடுக்கும் மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தார். என்னை வெளியே கதிரையில் இருக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அப்பால் அம்மா ஹெட்போனோடு கணினியின் முன்னால் இருப்பது தெரிந்தது. கொஞ்ச நேரம் அவர் கைகள் மடியில் மடிப்பு மடித்துக்கொண்டிருந்தன. பிறகு நின்றுவிட்டன. மேசையின் மேல் விரிந்தபடி அசையாமல் கிடந்தன.

வெளியே வந்தபோது சிரிக்கப் பார்த்தார். "பன்னிரண்டாம், பிள்ளை. மூண்டு காணாதாம்."

படியில் இறங்கும்போது அவர் மெல்லச் சொன்னார்: "கன கேள்வி உன்ர குரலில இருக்கேல்லை. நீ சொல்லித் தந்திருப்பாய், எனக்குத்தான் மண்டையில நிக்கேல்லைப் போல."

இரண்டு நாளுக்கு முன் நான் என்ன சொன்னேன் என்பதை அவர் மறந்திருந்தார். இல்லை, நினைவிருந்தும் என்னில் பிழை காண அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. படித்த பிள்ளை ஒன்றை விட்டிருக்காது என்பது அவருக்கு முடிந்த முடிவு. "அம்மா, நான்தான்..." என்று அங்கேயே தொடங்கியிருக்கலாம். நான் சொன்னது: "பறவாயில்லை அம்மா. திரும்ப எழுதலாம். காசும் கட்டத் தேவையில்லை."

"வேண்டாம். எனக்கு உந்தப் படிப்பு ஏலாது. சின்ன வயசிலையே ஏலாதெண்டுதானே பள்ளிக்கு விடேல்லை."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய தொலைபேசியைத் துடைத்து, வயரை வட்டமாகச் சுற்றி, என் மேசையில் கொண்டு வந்து வைத்தார். அவருடைய தங்கை முகாமிலிருந்து தொலைபேசி எடுத்தபோது, "இந்தமுறை சரிவரேல்லை. நான் மக்குத்தானே, உனக்குத் தெரியாதே?" என்று சிரித்துச் சொன்னது குசினியிலிருந்து கேட்டது. அடுத்த நாளிலிருந்து காதில் ஒன்றுமில்லாமல் விரிப்பு மடித்தார்.

அடுத்த ஞாயிறும் கணினியைத் திறந்தேன். அந்தப் பையன் பட்டியலில் இருந்தான். விலை மூன்று மடங்கு. அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் தாண்டி இருக்கும், குரல்கூடக் கேட்டிராத ஒருவனை, அரைப் பக்கம் வாசித்துவிட்டு நம்பியிருக்கிறேன். இரண்டு மாதம் என் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு, மடிப்பு மடிப்பாக ஒரு நாட்டையே மனப்பாடம் செய்த அம்மாவுக்கு மட்டும் இதற்கு மேல் கொள்ளாது என்று முடிவு கட்டியிருக்கிறேன். அவரைச் சின்ன வயதில் பள்ளிக்கு விடாதவர்களும் இதைத்தான் நினைத்திருப்பார்கள்.

பத்து மணிக்கு என் அணி காலியாகவே பூட்டியது. தோழி செய்தி அனுப்பினாள்: "ஏன் டீம் காலியா கெடக்கு, சாம்பியன்? பயந்துட்டியா?" ஓம் என்று மட்டும் பதில் போட்டேன்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். பழைய தொலைபேசியை எடுத்து, கதவைச் சாத்திவிட்டு, மூன்றாம் பகுதியைப் பதியத் தொடங்கினேன். ஆளுநர் நாயகம் யாருடைய பிரதிநிதி? சட்டங்களை இயற்றுவது யார்? ஒரு மடிப்புக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று ஒரு போர்வையை எடுத்து மடித்துப் பார்த்து, கேள்விக்கும் மறுமொழிக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி விட்டேன். ஒரு சொல்லையும் விடவில்லை. முடிய மத்தியானமாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை. எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் வரும்படி இன்னொன்று பதிந்தேன். மூன்று தரம் அழித்துவிட்டு, நான்காம் தரம் இப்படிச் சொன்னேன்: "அம்மா, இது நான் முதலே சொல்லித் தந்திருக்க வேண்டிய பகுதி. அண்டைக்கு நான் படிக்கேல்லை. விளையாட்டுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தனான். வராது எண்டு பொய் சொன்னனான். உங்களுக்குத் தந்ததில பிழையில்லாமல் பன்னிரண்டு சொன்னீங்கள். தராததைத்தான் சொல்லேல்லை. உங்கட மண்டையில ஒரு குறையும் இல்லை."

திங்கள் விடிய அம்மா வேலைக்குப் புறப்படும்போது தொலைபேசியை அவர் சாப்பாட்டுப் பையில், சோற்றுப் பெட்டிக்கு மேலே வைத்தேன். "என்ன இது?" என்றார். "ரயிலில கேளுங்கோ," என்றேன். "நீ சொன்னால் சரி," என்று செருப்பை மாட்டிக்கொண்டு, "போட்டு வாறன்," என்று படியிறங்கினார். நான் ஜன்னலோரம் நின்றேன். ரயில் நிலையத்துக்குத் திரும்பும் மூலையில் அவர் ஒரு கணம் நின்று, வயரின் சுற்றைப் பிரித்து, காதில் மாட்டிக்கொள்வது தெரிந்தது.