பானுமதி பொட்டு வைத்த பிரேக்

தாராவி கிராஸ் ரோட்டில் கார் ஓட்டிப் பிழைக்கும் பெண் யார் என்று கேட்டால் பெட்டிக்கடைக்காரர்கூட யோசிக்காமல் பானுமதியின் வீட்டைக் காட்டிவிடுவார். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். தோல் பை கம்பெனியில் பதினைந்து வருஷம் ஜிப் தைத்தாள். நாற்பத்தோரு வயதில், போதும் சாமி என்று எழுந்து போய் டிரைவிங் கிளாஸில் சேர்ந்தாள். தெருவே சிரித்தது. கணவர் பிரம்மநாயகம் மட்டும், “ஓட்டத்தாம் போற, ஒழுங்கா ஓட்டு” என்று சொல்லிவிட்டு ஐரோலிக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டை யாரும் கேட்டதில்லை.

பானுமதிக்கு நிரந்தர வாடிக்கையாளர்கள் நாலு பேர். அதில் முக்கியமானவர் மாட்டுங்காவில் இருக்கும் சந்திரமௌலி. எழுபத்தாறு வயது, இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி காலை ஏழு மணிக்குள் செம்பூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் படுக்கையில் இருக்க வேண்டும். மகள் ஷ்யாமளாவுக்கு வங்கியில் வேலை. “அப்பாவை உங்களை நம்பித்தான் அனுப்பறேன்” என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். பெரியவர் அப்படி லேசில் நம்புகிற ஆள் இல்லை. கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கொட்டாமல் சாலையையே பார்த்துக்கொண்டு வருவார்.

போன வருஷம் ஆடி முடிந்த கையோடு பானுமதி வாஷியில் ஒரு பழைய கார் வாங்கினாள். அலாய் வீல் போட்ட வண்டி. முன்பு வாடகைக்கு எடுத்து ஓட்டிய வண்டியில் சக்கரத்தை பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். இதிலோ கம்பிகளுக்கு நடுவே வெள்ளித் தாம்பாளம் மாதிரி ஒன்று பளபளவென்று தெரிந்தது. அது சக்கரத்துக்குப் போட்ட அலங்காரம் என்றே அவள் நினைத்துவிட்டாள். விற்றவன், “பிரேக் பேட் எல்லாம் புதுசு” என்றான். அதைக் கேட்டு நிம்மதியாக ஓட்டிக்கொண்டு வந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. சொந்த வண்டிக்கு முதல் பூஜை. குளிப்பாட்டி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பானெட்டில் சந்தனம், ஸ்டியரிங்கில் குங்குமம். முன்சக்கரத்துக்குள் பளபளத்ததை வெறுமனே விட மனசு வரவில்லை. குங்குமம் ஒட்டாமல் உதிர்ந்தது. நல்லெண்ணெயில் குழைத்துக் கையை உள்ளே விட்டு, மூன்று விரலால் பட்டையாக இழுத்தாள். இன்னும் மினுங்கட்டும் என்று எண்ணெய்த் துணியால் ஒரு சுற்றுத் துடைத்தும் விட்டாள். இரண்டு பக்கமும், பாரபட்சம் இல்லாமல்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பெரியவரைக் கூட்டிவரக் கிளம்பினாள். அறுபதடி ரோட்டில் முன்னால் போன பெஸ்ட் டவுன் பஸ் நின்றது. பிரேக்கை மிதித்தாள். கால் அழுந்தியது, கார் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்த இழுப்பில் வண்டி பஸ்ஸுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. திரும்பிக் காலியான பின்சீட்டைப் பார்த்தாள். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் அங்கே அவர் உட்கார்ந்திருப்பார்.

முதல் கியரில் ஊர்ந்துகொண்டே தாஹிரின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். தாஹிர் மேலப்பாளையத்துக் குடும்பம். கடைக்கு மேலேயே வீடு. பல் துலக்கிக்கொண்டிருந்தவன் இறங்கி வந்து சக்கரத்தைக் கழற்றி மோந்து பார்த்தான்.

“யக்கா, இதென்ன, நல்லெண்ணெய் வாசமடிக்கி?”

“பூஜை போட்டேன் தம்பி. அந்தத் தட்டுக்குப் பொட்டு வச்சேன்.”

“அரே அல்லா! தட்டா? இதுதான் டிஸ்க்குக்கா. சக்கரத்தோட சேந்து சுத்தும். இந்தா, ரெண்டு பக்கமும் கவ்விக்கிட்டு நிக்கி பாருங்க, அது பேட். அது சுத்தாது, பிடிக்கத்தான் செய்யும். இதுக ரெண்டும் ஒண்ணையொண்ணு உரசித்தான் வண்டி நிக்கும். நீங்க நடுவுல எண்ணெயக் குளுகுளுன்னு தடவி வச்சிருக்கீய.”

“தொடச்சிட்டு எடுத்துட்டுப் போயிருதேன் தம்பி. பெரியவருக்கு நேரமாச்சு.”

“டிஸ்க்கு இரும்பு, கழுவுனா போயிரும். பேட் அப்படி இல்ல. என்னத்தையெல்லாமோ பொடிச்சு அழுத்திச் செஞ்சது, எண்ணெயக் குடிச்சிருச்சு. குடிச்சத இனி கக்காது. குப்பையிலதான் போடணும்.” கார் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேறொரு சாவியை நீட்டினான். “எம் வேன எடுத்துட்டுப் போங்க. ஜல்தி.”

அந்த வேன்தான் அவனுக்கு அன்றைய பிழைப்பு. அதில்தான் சாமான் வாங்க குர்லா வரைக்கும் போவான். பானுமதிக்கு அது தெரியும். சாவியை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

மாட்டுங்காவில் அந்த ஓட்டை வேனைப் பார்த்ததும் ஷ்யாமளாவின் முகம் சுருங்கியது. “வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு” என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பெரியவர் ஏறி உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் கைப்பிடியைத் தேடினார். வேனில் கைப்பிடி உடைந்திருந்தது. பானுமதியால் பொய் சொல்ல முடியவில்லை. குங்குமம், எண்ணெய், பஸ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இந்த வேலை இன்றோடு போயிற்று என்றுதான் நினைத்தாள்.

ஷ்யாமளா அப்பாவைப் பார்த்தாள். பெரியவர்தான் பேசினார்.

“நீ சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லை, இல்லையா?”

“ஆமா சார்.”

“அப்போ வண்டியை எடு. ஏழு மணிக்குப் போயாகணும்.”

ஏழுக்கு அஞ்சு நிமிஷம் முன்பே போய்ச் சேர்ந்தார்கள்.

சாயங்காலம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது தாஹிர் கழுவிய டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தான். அவள் விரலைப் பிடித்து விளிம்பில் வைத்தான். விளிம்பு மேடாகவும் நடுப்பகுதி பள்ளமாகவும் இருந்தது.

“பேட் சீக்கிரம் தேயும், டிஸ்க் மெதுவாத் தேயும். அதனால இது தேயவே தேயாதுன்னு நினைச்சுக்கிட்டு, உங்களுக்கு வித்தவன் பேட மட்டும் மாத்தி மாத்திப் போட்டுருக்கான். கனம் இருபது மில்லிமீட்டருக்குக் கீழ போகக் கூடாதுன்னு இதுலயே அடிச்சிருக்கு. அளந்து பாத்தேன், பதினெட்டுதான் இருக்கு. சூடேறி என்னைக்காவது விரிசல் விட்டிருக்கும்.”

பானுமதி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “நான் எண்ணெ தடவலேன்னா?”

“அடுத்த மழைக்காலம் வரைக்கும் இதக் கழட்டியே இருக்க மாட்டோம்.”

“அம்மன்தான் தம்பி காட்டிக் குடுத்திருக்கா.”

“அம்மன் காட்டுச்சு சரி. அளந்தது நான்தாங்கா, அதையும் சேத்துக்கோங்க.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். “நீ நல்லாருக்கணும் தம்பி. இன்னைக்கு ஒரு உசுரக் காப்பாத்தியிருக்க” என்றாள். தாஹிர் கூச்சப்பட்டு, கறுத்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். புது டிஸ்க்கும் புது பேடும் ஜோடி ஜோடியாக மாட்டியபின், பழைய டிஸ்க்கில் ஒன்றை எனக்குக் கொடு என்று கேட்டு வாங்கினாள். காயலான் கடைக்குப் போக வேண்டியதைக் கட்டிக்கொண்டு போகிறாளே என்று அவன் பார்த்தான்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தாஹிரும் பொரி தின்ன வந்திருந்தான். பூஜை அலமாரி நடுவில் பழைய டிஸ்க் மல்லாந்து கிடந்தது. அதன்மேல் விளக்கு, சுற்றிலும் எண்ணெயில் குழைத்த குங்குமம், மூன்று விரல் பட்டை. அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு பொட்டு.

“இது யாருக்குக்கா?”

“உனக்குத்தான். நீதான சேத்துக்கோன்னு சொன்ன.”

மறுநாள் வியாழக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மாட்டுங்கா வீட்டு வாசலில் கார் போய் நின்றது. சந்திரமௌலி குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்துவிட்டு ஏறினார்.

“நேத்திக்கு எண்ணெயை எங்கேம்மா தடவினே?”

“பழைய டிஸ்க்குலதான் சார். வீட்டுல இருக்கு.”

“பேஷ்” என்றார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். கைப்பிடிப் பக்கம் கையே போகவில்லை. சயான் தாண்டுவதற்குள் தலை சாய்ந்து தூங்கிப்போனார். செம்பூர் வந்த பிறகுதான் பானுமதி அவரை எழுப்பினாள்.