கருவாட்டு மண்ணும் கலந்தாய்வுக் கூட்டமும்

கடலூருக்கு நான் பஸ் ஏறுவது பெரும்பாலும் கூட்டத்துக்காகத்தான். சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தின் ஒரு திட்டத்தில் எனக்கு ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் நீட்டிப்பார்கள். பல்கலைக்கழகம், மாவட்ட நிர்வாகம், தொண்டு நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து கடலோரத்துக்கு ஒரு நீடித்த வளர்ச்சிக் கொள்கை எழுத வேண்டும். இந்த மூன்று தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பது என் பாடு. மேல வீதியில் சால்வை வாங்குவது, அதிகாரிகளுக்குப் பண்ருட்டி முந்திரிப் பொட்டலம் எடுத்து வைப்பது, பேனர் கட்டுவது, மைக் கரகரத்தால் ஓடுவது எல்லாம் அதில் அடக்கம். நான் படித்தது கடல்சார் சூழலியல். எதற்குப் படித்தாய் என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடுகிறது.

எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரிதான். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, திட்ட விளக்கம், தலைமையுரை. கடைசியில் ‘மக்கள் கருத்து’ என்று ஒன்றை அச்சடித்திருப்போம். அது வருவதற்குள் அதிகாரிக்குச் சென்னையிலிருந்து வீடியோ கான்பரன்ஸ் வந்துவிடும். அவர் எழுந்து போவார், பின்னாலேயே பாதி அறை காலியாகும். மிச்சம் இருக்கிறவர்கள் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவார்கள், நான் குறித்துக்கொள்வேன்.

அப்படிப் பேசுகிறவர்களில் ஓர் அக்கா. துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு மீனவ ஊர், அங்கே மகளிர் குழுத் தலைவி. நல்ல வாய். சமோசா ஆறிப்போயிருந்தால் அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் தின்பார். தன் குழுப் பெண்களோடேயே பாதி நாள் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் கொள்கை வரைவில் ஒரு வரைபடம் உண்டு. புயலையும் அலையையும் தடுக்கக் கரையில் எங்கெங்கே சவுக்கு நட வேண்டும் என்று பச்சைப் பட்டையாகக் காட்டியிருந்தோம். அவர் ஊரில் அந்தப் பச்சை, பெண்கள் கருவாடு காயவைக்கும் மணல் திட்டின் மேல் விழுந்திருந்தது. கணவர் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு அந்தக் கருவாடுதான் வீட்டுக்குச் சோறு. சவுக்கு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, கொஞ்சம் தள்ளி நடுங்கள் என்றார். கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். நானும் குறித்தேன். எங்கள் துறைத்தலைவர் அடுத்த வரைவில் பார்க்கலாம் என்பார். அடுத்த வரைவு வரும், பச்சை அதே இடத்தில் இருக்கும்.

கொள்கையை வெளியிடும் நாள் வந்தது. மேடையில் ஒரு மீனவப் பெண் இருந்தால் நன்றாக இருக்கும் என்று துறைத்தலைவர் சொல்ல, நான் அக்காவை அழைத்தேன். மாவட்ட அதிகாரியே அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. பெயரை வாசித்தார்கள். அதிகாரி சால்வையை உதறி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி வந்து நின்றார். இந்த இடத்தில் எல்லாரும் கைகூப்பித் தலையைக் குனிவார்கள், போட்டோ எடுப்பார்கள், முடிந்துவிடும். அக்கா குனியவில்லை.

“அய்யா, இத போட்டுக்கிட்டா அப்பறம் நான் ஒண்ணும் கேக்க முடியாது. மொதல்ல கேட்டுடறேன்” என்றார்.

பிறகு சவுக்கு, பச்சை, மணல் திட்டு என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். அதிகாரியால் போனைப் பார்க்க முடியவில்லை, உட்கார முடியவில்லை, சால்வையைக் கீழே வைக்கவும் முடியவில்லை. அத்தனை வருஷத்தில் ஓர் அதிகாரி மக்கள் கருத்தை முழுசாகக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். துறைத்தலைவர் முகம் வெளுத்துவிட்டது. மறுபதிப்பில் திருத்திக்கொள்கிறோம் என்று ஆரம்பித்தார். அதிகாரிக்குக் கை வலித்திருக்க வேண்டும். இன்றைக்கே மாற்றி எனக்கு அனுப்புங்கள் என்றார். அக்கா அப்போதுதான் குனிந்தார்.

திரும்பி வரும்போது காரில் துறைத்தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அந்தம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று ஆலப்பாக்கம் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு எனக்குத் தெம்பு இருந்திருந்தால் எப்போதோ நானே பேசியிருப்பேன். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமெல்லாம் வரவில்லை, அடுத்த நீட்டிப்புக் கிடைக்குமா என்ற பயம்தான் வந்தது. அன்று சாயங்காலமே அலுவலகத்தில் உட்கார்ந்து பச்சையை நகர்த்தினேன். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இதற்காகவா அக்கா இவ்வளவு காலம் பஸ் ஏறி வந்தார் என்று நினைத்ததும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. நீட்டிப்பும் கிடைத்தது.

சவுக்கை மணல் திட்டைத் தாண்டித்தான் நட்டார்கள். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புதியவருக்குக் கொள்கையை முதலிலிருந்து விளக்கினோம். திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்குப் பணம் கேட்க வேண்டிய நேரம் வந்தபோது துறைத்தலைவருக்கு அக்காவின் நினைவு வந்தது. மணல் திட்டு இப்போது எங்கள் அறிக்கையில் மக்கள் பங்கேற்புக்குக் கிடைத்த வெற்றி. சிதம்பரத்தில் நடக்கும் கருத்தரங்கில் அதை அந்தம்மாவே வந்து சொல்ல வேண்டும், கூட்டி வா என்று என்னை அனுப்பினார்.

போனபோது வெயில் உச்சியில் இருந்தது. அக்கா திட்டில் குந்தி, காயப்போட்டிருந்த காரப்பொடி மீனைக் கையால் துழாவிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கார் அனுப்புகிறோம், சாப்பாடும் உண்டு என்றேன். அவர் நிமிரக்கூட இல்லை.

“நான் வந்துட்டா இத யாரு திருப்பிப் போடுவா தம்பி? அங்க வந்து ஒக்காந்துக்குனு இருக்கவா இந்த மண்ண கேட்டேன்?”

ஒரே ஒரு நாள்தானே அக்கா என்றேன். அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“எனக்கு வேண்டியது கெடச்சிட்டுது, நான் கூட்டத்துக்கு வர்றதில்ல. நீங்க எதுக்குப் போறீங்க?”

சம்பளத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது துறைத்தலைவர் போன் செய்தார். அந்தம்மாவுக்கு வரத் தோதுப்படவில்லை, வேறு ஆள் பார்க்கிறேன் என்றேன். சரி, நன்றாகப் பேசுகிற ஆளாகப் பார் என்றார். சிதம்பரம் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த மீனவ ஊருக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். கேட்டது இன்னும் கிடைக்காத ஒரு பெண் அங்கே இருப்பாள்.