மண்டி வரிசையிலிருந்து நம்பிக்கை மையம் வரை

என் லாரி டிரைவர் செல்வத்துக்கு எச்.ஐ.வி. இருப்பது போன மாதம் தெரிந்தது. போன செவ்வாய்க்கிழமை அவர் மனைவிக்குப் பரிசோதனை. மூவரும் திருவண்ணாமலை போய்வந்தோம். செல்வம் என்பது நிஜப் பெயர் இல்லை. என் பெயரும் இங்கே கிடையாது. "பேர் போடாம எழுதுங்க மொதலாளி, நாலு பேராவது சீக்கிரம் போவாங்க" என்று அவரேதான் சொன்னார்.

காரை எடுக்கவில்லை. "உங்க வண்டி ஊருக்கே தெரியும், வேணாம்" என்றார். காலை 8.10 டவுன் பஸ், 19 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். எங்களுக்குத் தலா பதினெட்டு ரூபாய், அந்தம்மாவுக்கு இலவசம். பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ எண்பது கேட்டு அறுபதுக்கு வந்தது.

"ஆஸ்பத்திரியா? யாருக்குண்ணா?" என்றார் ஆட்டோக்காரர்.

"எனக்குத்தான், சுகர்" என்றேன்.

அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பார்க்கும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். ஒன்பதரைக்கு ரத்தம் எடுத்தார்கள். பிறகு பெஞ்சில் காத்திருப்பு.

இரண்டு வருஷம் முன்பு என் மல்லாட்டை மண்டிக்கே, அதாவது நிலக்கடலை மண்டிக்கே, பரிசோதனைக்காரர்கள் வந்தார்கள். "இந்தப் பக்கம் இப்பதான் தலைகாட்டுது. லாரி ஓட்டுறவங்களுக்கு ஆபத்து ஜாஸ்தி, எல்லாரையும் அனுப்புங்க" என்றார்கள். எனக்கு லோடு அவசரம். காயை உலுக்கியே பருப்பு எவ்வளவு தேறும் என்று சொல்கிறவன் நான். ஆளையும் அப்படியே தரம் பிரித்தேன். குடிக்கிறவன், கல்யாணம் ஆகாதவன் என்று நாலு பேரை மட்டும் பரிசோதனைக்கு நிறுத்தினேன். நாலு பேருக்கும் ஒன்றுமில்லை. செல்வம் வருஷா வருஷம் மாலை போடுகிற ஆள்.

"நானும் அன்னிக்கு வரிசையில நின்னேன்" என்றார் செல்வம், பெஞ்சில். "'சாமிக்கு எதுக்குயா டெஸ்டு, வண்டிய எடு'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டுப் போய்ட்டேன்."

அந்தம்மா என்னைப் பார்த்தார். "அன்னிக்கே பாத்திருந்தா நான் தப்பிச்சிருப்பனாண்ணா?"

பதினொன்று இருபதுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்து, "எனக்கும் இருக்குதாம்" என்றார். எப்போது வந்தது என்று சொல்ல முடியாதாம். எனக்குச் சாதகமான பதில்தான். எடுத்துக்கொள்ள முடியவில்லை.

போகிறவர்களுக்கு: பௌர்ணமி அன்று வேண்டாம், பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். பரிசோதனை, மாத்திரை இரண்டும் இலவசம். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் ரொம்ப நாள் இருக்கலாம் என்கிறார்கள். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் யாரை அனுப்பலாம் என்று பொறுக்கி எடுக்காதீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் அந்தம்மாதான் நிபந்தனைகளைப் பேசினார், நான் ஒப்புக்கொண்டேன். அதே லாரி, அதே சம்பளம். மாத்திரை வாங்கும் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு. அடுத்த தடவை மண்டியில் பரிசோதனை என்றால், எல்லாரும் பார்க்க, முதல் ஆளாக நான் நிற்க வேண்டும்.