துரை கோட்டும் என் முழங்கையும்

போன மாதம் தலவாக்கலைக்கு அப்பால் ஒரு வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, முழங்கைத் தோல் மொத்தமும் ரோட்டோடு போயிற்று. தோட்டம் தோட்டமாகச் சுற்றும் தொழிற்சங்கப் பிரதிநிதி நான். வண்டி இல்லாவிட்டால் வேலை இல்லை. "தடிப்பா ஏதாச்சும் வாங்கிப் போடுங்க. இல்லன்னா சாவி எங்கிட்டதான் இருக்கும்" என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.

அதனால் வைகாசிச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குக் கிளம்பினேன். ஏறக்குறைய முப்பது மைல், அடைமழையில் இரண்டு மணி நேரம். திரும்பும் வழியில் நாலு மணிக்கு ஒரு தோட்டத்தில் இறங்க வேண்டும். கங்காணியை எதிர்த்துப் பேசினாள் என்று மாரியாயியை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். நடந்ததைப் பார்த்த மூன்று பேர் திங்கட்கிழமை தோட்ட நிர்வாகியான துரை முன்னால் நடக்கும் விசாரணையில் வாயைத் திறக்காவிட்டால் அவள் குடும்பத்தோடு லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். அந்த மூவரையும் பார்த்துத் தைரியம் சொல்லத்தான் போகிறேன்.

நுவரெலியாக் கடைகளைச் சுற்றியதில் பொறுமை போய்விட்டது. ஒருவர் மழைக்கோட்டை நீட்டினார். விரலால் இழுத்தாலே கிழியும். இன்னொருவர் தக்கைத் தொப்பியைத் தலையில் வைத்து, "பாதுகாப்புங்க" என்றார். எதிலிருந்து என்று கேட்டதற்கு இன்னொரு தொப்பியை எடுத்தார். பத்தரை மணிக்கு ஒரு பழைய சாமான் கடையில் தோல் கோட்டு ஒன்று கிடைத்தது. தோளிலும் முழங்கையிலும் உள்ளே கம்பளி மெத்தை வைத்துத் தைத்திருந்தது.

"தலவாக்கலப் பக்கத்துத் தொரை சீமைக்குப் போறப்ப வித்துட்டுப் போனதுங்க. ரோட்டுல தேச்சாலும் கிழியாது" என்றார் கடைக்காரர். எண்பத்தைந்து ரூபாய். ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் கையை நீட்டிப் பார்த்தேன். மெத்தை முழங்கையை விட்டு நகரவில்லை. வாங்கிவிட்டேன்.

அதைப் போட்டபடியே மூன்றே முக்காலுக்கு அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். எதிரே வந்த பெண்கள் கொட்டுகிற மழையில் குடையை மடக்கிக்கொண்டு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றார்கள். ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள். "நான்தாங்க" என்று கத்தினேன். குனிந்த தலை ஒன்றும் நிமிரவில்லை. துரையின் முகத்தை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்?

லயத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எரிச்சலில் கோட்டைக் கழற்றி வண்டிமேல் எறிந்துவிட்டு மழையில் நின்றேன். கால் மணி நேரம் கழித்து மாரியாயி கதவைத் திறந்தாள்.

"நீங்களாங்க? அது எங்க பழைய தொரை கோட்டு. ஒம்போது வருசம் அதப் பாத்தாக் கொடைய மடக்குனோம். இப்பவும் கை தானா மடக்கிருது."

சாட்சிகள் மூவரும் துரைதான் வருகிறார் என்று பின்பக்கமாகத் தேயிலைக்குள் ஓடியிருந்தார்கள். அவள் புருஷன் போய்க் கூட்டிவருவதற்குள் இருட்டிவிட்டது. அவர்களில் மூத்தவரான சுப்பையா உட்காரக்கூட இல்லை.

"திங்கக்கெழம நாங்க பேசுறோங்க. ஆனா அந்தக் கோட்டோட வராதீங்க. ஒரு தொரைக்கு முன்னாடி பேசுறதே பெரும்பாடு. ரெண்டு தொரைக்கு எங்களால ஆகாது."

எனக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக்காரி முணுமுணுத்துக்கொண்டே அந்த மெத்தைகளைப் பிரித்து என் பழைய துணிக்கோட்டுக்குள் வைத்துத் தைத்தாள். தோல் அளவுக்குத் தாங்காது, தெரியும். திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு போனேன். மூவரும் பேசினார்கள். மாரியாயிக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

இந்தப் பக்கம் வண்டியில் வருகிறவர்கள் நல்ல தடித்த கோட்டாக வாங்குங்கள். கையை நீட்டி, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள். பழையது என்றால், அதற்கு முன் யார் போட்டிருந்தார் என்றும் கேட்டுவிடுங்கள்.