எஞ்சின் பின்பக்கமாகச் சுற்றிய காலை

காலை ஒன்பதே முக்காலுக்கு எஞ்சின் பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் என் மருமகன் மாட்டுத்தீவன மில் போட்டிருந்தார். அது ஓடவில்லையென்றால் ஆவணியில் என் மகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குக் கப்பல் ஏறுவதென்று அவர் முடிவு. எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. மில்லை ஓடவைத்தே தீருவதென்று, நான் வாத்திச்சியாக இருந்த பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுத் தொழில் கற்றுக்கொள்ள வந்துவிட்டேன்.

மகள் சொல்லிக்கொடுத்தாள். பருத்திக்கொட்டையில் ஆணி, லாடத்துண்டு கிடக்கிறதா என்று முதலில் காந்தத்தை விட்டுத் துழாவ வேண்டும். கடலைப் பிண்ணாக்கைச் சம்மட்டியால் உடைக்க வேண்டும். இரண்டையும் கொரகொரப்பாகத்தான் அரைக்க வேண்டும்; மாவாக்கிவிட்டால் மாடு மூச்சுவிடும்போதே பறந்துவிடும். பிறகு தவிடும் உப்பும் சேர்த்து, எஞ்சின் ஓட ஓடத் திருகாணி போன்ற நீளமான தண்டு சுற்றும் தொட்டியில் கொட்ட வேண்டும். ஒரு முனையில் கொட்டியது கலந்துகொண்டே நகர்ந்து மறுமுனையில் சாக்கில் விழும்.

"கலவைதாம்மா உயிரு," என்றாள். "போன வாரம் வண்டிக்கார அண்ணாச்சி மாடு உப்புக்கட்டியக் கடிச்சுட்டு மூஞ்சியத் திருப்பிட்டு. இன்னைக்கும் திருப்புச்சுன்னா கொழும்புதான்."

அந்த அண்ணாச்சியின் வண்டிகள் செங்கோட்டைக் கணவாய் ஏறி இறங்குபவை. அவர் வாங்கினால் மற்ற வண்டிக்காரர்களும் வாங்குவார்கள். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

சாரல் குளிரில் எஞ்சின் எழுந்திருக்கவே மனசில்லாமல் கிடந்தது. மருமகன் அதன் மண்டையை ஊதுவிளக்கால் சிவக்கச் சுட்டு, பெரிய சக்கரத்தை உலுக்கிவிட்டார். ஒரு உதறு உதறிப் பட் பட்டென்று ஓடியது. நான் கைதட்டினேன். ஆனால் நான் பிடித்திருந்த சாக்கில் ஒன்றுமே விழவில்லை. மறுமுனையில் மகள் கொட்டக் கொட்டத் தீவனம் பொங்கி அவள் மேலேயே வழிந்தது.

"யம்மா, உள்ள போட்டது வெளிய வருது!"

"பின்பக்கமா சுத்துது அத்தை! இந்த எஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்!" என்று மருமகன் கத்தினார்.

"நிறுத்துங்க மாப்ளே!"

"எண்ணெய அடைச்சிட்டேன். அது நிக்கணும்லா!"

அது நின்றபோது மகளின் தலை, புருவம் எல்லாம் தவிடு. "யம்மா, உன்னவிட எனக்கு நரைச்சிட்டு பாரு," என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்னட்டி சிரிக்கே? மணி பத்தாகப்போகுது!" என்று அதட்டினேன். அதட்டி முடிப்பதற்குள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

கீழே விரித்திருந்த கோணியில் விழுந்ததை அள்ளி மறுபடி தொட்டியில் கொட்டினோம். இந்த முறை எஞ்சின் ஒழுங்காக ஓடியது. தீவனம் என் பக்கம் முக்கால் தூரம் வந்திருக்கும். எஞ்சின் ஒருமுறை இருமி, திரும்பவும் பின்பக்கம்! வந்த வழியே எல்லாம் மகளிடம் போய்ச் சேர்ந்தது. மறுபடி அள்ளினோம், மறுபடி கொட்டினோம். மூன்றாம் முறைதான் சாக்கு நிறைந்தது.

சாக்கைக் கட்டக்கூட நேரமில்லை. வாசலில், "ஏலே, நில்லு லே! எங்கன இழுக்க?" என்று அதட்டல். வண்டியையும் அதன்மேல் இருந்த அண்ணாச்சியையும் இழுத்துக்கொண்டு மாடுகள் இரண்டும் நேரே உள்ளே வந்தன. ஒன்று என் சாக்குக்குள் முகத்தை விட்டது. மாடு முகத்தைத் திருப்பவுமில்லை, எடுக்கவுமில்லை.

அண்ணாச்சி இறங்கி வந்தார். சாக்கின் மேலிருந்து ஒரு சிட்டிகை, அடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். தவிடு அப்பிய எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார்.

"எங்க தொட்டாலும் உப்பு ஒண்ணுபோல நிக்கி தாயி. நாளைக்கு நம்ம வண்டி மாடு அம்புட்டுக்கும் போட்டு வையுங்க. ஆனா இன்னைக்கு எப்படிக் கலந்தியளோ, அப்படியேதான் கலக்கணும். ஒரு தூசி மாத்தப்பிடாது, பாத்துக்கிடுங்க!"