கூவிப் பார்க்கும் ஆய்வாளர்

கதவைத் தட்டுவதற்கு முன் அவர் கூவுவார். கால் நுனியில் எழும்பி, இரு கைகளையும் வாயருகே குவித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கொக்கரக்கோ. கட்டிலுக்கு அடியிலோ குளியலறையிலோ ஒளித்து வைத்த சேவல் இருந்தால், ரோஷம் தாங்காமல் பதிலுக்குக் கூவிவிடும். "வளக்கிறவங்க பொய் சொல்லுவாங்க. சேவலுக்கு அந்தப் பழக்கம் இல்ல" என்பார், காலரைச் சரிசெய்தபடி.

நகராட்சியின் கோழி ஆய்வாளர் அவர். வீட்டுக்கு நாலு பெட்டை வளர்க்கலாம். கூண்டு அடுத்த வீட்டுச் சன்னலிலிருந்து பத்தடி தள்ளி இருக்கவேண்டும். சேவல் கூடவே கூடாது. இந்த விதிகளைக் காப்பாற்ற நகராட்சி அவருக்கு ஓர் அளவு நாடாவும் ஒரு சாக்கும் கொடுத்திருக்கிறது. தொண்டை அவர் சொந்தச் சொத்து. ஐஸ்கிரீமைத் தொடமாட்டார். மழை தூறினால் தலையை நனையவிட்டு, கழுத்துக்குத் துண்டைச் சுற்றிக்கொள்வார். அலுவலகத்தில் 'கொக்கரக்கோ' என்றுதான் பெயர். கோபப்படுவதில்லை, மேலதிகாரிக்கு வைத்திருக்கும் பெயருக்கு இது எவ்வளவோ தேவலை.

போன வாரம் வந்த புகார் அவருடைய அக்காவின் மேல். கணவர் போனபிறகு வீட்டில் சத்தமே இல்லையென்று அவள் வாங்கி வளர்த்த குஞ்சு. "முட்ட போடும் போடும்னு பாத்துட்டே இருந்தேன்டா. ஒருநாள் கூவிடுச்சு. அதுக்குள்ள பாசம் வச்சுட்டேன், என்ன பண்ணச் சொல்ற?" அதைச் சாக்கில் போட்டால் அக்கா உடைந்துபோவாள் என்று தம்பிக்குத் தெரியும். குளியலறை விளக்கை அணைத்து, சேவலைக் கூடையால் மூடி வைக்கச் சொன்னார். ஊரார் செய்து அவரிடம் மாட்டிக்கொள்ளும் அதே தந்திரம். சொந்த அக்காவுக்கு என்றதும் மூளை அவ்வளவுதான் ஓடியது.

புகார் கொடுத்த அடுத்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆய்வாளர் வந்தபோது அக்கா வீட்டு வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். "எல்லா வீட்லயும் கூவுவீங்களாமே. இங்கயும் கூவுங்க, கேப்போம்."

தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்ல ஆய்வாளர் வாயெடுத்தார். அதற்குள் உள்ளிருந்து கணீரென்று ஒரு கொக்கரக்கோ. தலைமையாசிரியரின் முகம் மலர்ந்தது. அக்கா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நான்தான் சார்" என்றார் ஆய்வாளர். கால் நுனியில் எழும்பி, கைகளைக் குவித்து, இம்முறை கண்ணை மூடாமல் தலைமையாசிரியரையே பார்த்தபடி கூவினார். உள்ளிருந்து பதில் வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? வந்தது. மூச்சு விடாமல், அதைவிட உரக்கக் கூவினார்.