உப்புக்கு வந்த மரை

நான் மண்டூர்க்காரன். கடலோடு சேரும் வாவித் தண்ணீரில் காலை வைத்து வளர்ந்தவன். குளிருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. வேலை கிடைத்தது, போனேன். மலைநாட்டின் உச்சியில் கிடக்கிற ஒரு சமவெளி அது. பார்க்க வருகிறவர்களின் பைகளை வாசலில் திறந்து பொலித்தீனைப் பிடுங்குவதுதான் என் வேலை. தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருப்பதைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவோம். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கினேன் என்று கணக்கில்லை.

வருகிறவர்கள் அழகு என்பார்கள். முதலில் எனக்கு அப்படித் தெரியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள் பாய்ந்த புல். காற்று முறுக்கி வளைத்த குட்டை மரங்கள். கிளைகளில் பாசி தொங்கும். மூடுபனி இறங்கினால் முன்னால் நிற்கிறவன் தெரியாது. தை மாத விடியலில் புல் நுனிகள் வெள்ளையாக உறைந்து, மிதித்தால் நொறுங்கும். அங்குள்ள மந்திகளுக்குக்கூட மயிர் கம்பளி மாதிரி இருக்கும்.

மரைகளை, அந்தப் பெரிய காட்டு மான்களை, கண்ட பிறகுதான் அந்த இடம் எனக்குப் பிடித்தது. பொழுதுபடுகிற நேரம் அவை காட்டோரத்திலிருந்து புல்லுக்கு இறங்கும். மனிதவாடை பட்டால் ஓடிவிடும். ஒரு பெட்டை மட்டும் பகலிலேயே வாகனங்கள் நிற்கும் இடத்துக்கு வந்தது. காது கிழிந்த மரை. பின்னால் ஒரு கன்று.

சோற்றுக்கு வருகிறது என்றுதான் நினைத்தேன். அது கேட்டது உப்பு. அந்த மண்ணின் உப்பை மழை கழுவிக்கொண்டு போய்விடும், புல்லிலும் கிடையாது. எங்கள் ஊரில் உதட்டை நக்கினாலே உப்புக் கரிக்கும். அதனால் எனக்கு விளங்க நாளானது. சோறு சுற்றிவருகிற பொலித்தீன் தாளை, கறி ஊறிய லஞ்ச்சீற்றை, கண்டால் அது நக்கும். நக்கி நக்கி, கடைசியில் சீற்றையே விழுங்கும்.

ஒரு விடுமுறையில் எங்கள் பக்கத்து பஸ் ஒன்று வந்தது. என் பேச்சை வைத்தே ஊரைப் பிடித்துவிட்டார்கள். யாருடைய மகன் என்று விசாரித்தார்கள். சோற்றுப் பார்சல்களை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் பாதியை பஸ்ஸுக்குள் ஒளித்துக்கொண்டு போனார்கள். நம்மட பொடியன் நிற்கும்போது என்ன பயம் என்று சிரிப்பு வேறு.

வாகனங்கள் நிற்கும் இடத்துக்கு நான் போய்ப் பார்த்தபோது, வயதான ஓர் அம்மா மிச்சச் சோற்றைச் சீற்றோடு மரைக்கு முன்னால் விரித்திருந்தார். எங்கள் ஆட்கள் ஒரு சீவனைப் பார்க்க வைத்துச் சாப்பிட மாட்டார்கள். அது நல்ல குணம்தான். அந்த நல்ல குணத்தில்தான் நெருப்பை வைக்க வேண்டும். ஓடிப்போய் இழுத்தேன். சீற் கிழிந்து பாதி என் கையில் வந்தது. மறுபாதி உள்ளே போய்விட்டது.

"தின்னுற வாயில இரிந்து பறிக்கிறியே மனே, இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் அந்த அம்மா.

"இதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தாறாங்க," என்றேன்.

அவரை மட்டும் சொல்ல ஏலாது. எல்லா ஊரிலிருந்தும் பஸ் வந்தது. மரை மெலிந்துகொண்டே போனது. புல் தின்பதை விட்டது. ஓடைக்கரையில் படுத்தது, எழும்பவில்லை. கன்று பக்கத்திலேயே நின்றது. மிருக வைத்தியர் வந்து, செத்துக் கிடந்ததன் வயிற்றைக் கீறினார். புல் இருக்க வேண்டிய இடத்தில் பொலித்தீன் உருண்டை. எந்த ஊர்ச் சீற் எது என்று யாரால் பிரிக்க முடியும்? நான் அந்தப் பக்கம் போய் நின்று அழுதேன். மிருகத்துக்கு அழுகிறவன் என்று கூட வேலை செய்தவர்கள் பிறகு பகிடி பண்ணினார்கள்.

கன்று தனியாக வாகனங்களிடம் வரத் தொடங்கியது. தாய் அதற்குக் காட்டிக் கொடுத்த வழி அது ஒன்றுதான். நான் கல்லெடுத்து எறிந்தேன். காலடியில் விழும்படிதான் எறிவேன். ஒருமுறை தொடையில் பட்டுவிட்டது. அது ஓடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பார்வைக்கு மறுபடியும் எறிய வேண்டியிருந்தது.

ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பொடியன் கேட்டான்: "கல்லெறியிற ஆளயா இஞ்ச வேலைக்கு வெச்சிரிக்காங்க?"

"ஓம். அது என்னக் கண்டா ஓடணும். உன்னக் கண்டாலும் ஓடணும்."

பிறகு அது வரவில்லை. பொழுதுபட இறங்கும் கூட்டத்தில் அந்த வயதுக் கன்றுகள் சில நிற்கும். அதுவும் நிற்கிறதா, குளிரில் செத்துப்போனதா, சிறுத்தை தின்றதா, எனக்குத் தெரியாது. தூரத்தில் நின்று தேடுவேன். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று காலை எடுத்து வைத்தால், எல்லாம் காட்டுக்குள் ஓடிவிடும்.